கச்சேரி மேடையைப் பறித்த கதை: யூரி ஷெவ்சுக், 1980 முதல் 2023 வரை – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

2022 ஆகஸ்ட் 16 அன்று ரஷ்யாவின் உஃபா நகரில் ஒரு மாவட்ட நீதிமன்றம், ராக் பாடகர் யூரி ஷெவ்சுக்குக்கு 50,000 ரூபிள் அபராதம் விதித்தது. தன் கச்சேரியின் நடுவே உக்ரைன் போரைப் பற்றிப் பேசினார் என்பதுதான் குற்றம். தீர்ப்போடு இந்தக் கதை முடியவில்லை, வழக்கோடு தொடங்கவும் இல்லை. முன்னும் பின்னும் நடந்ததைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு கலைஞனைச் சிறைக்கு அனுப்பாமலேயே வாயடைக்க ஓர் அரசு எந்தெந்த வழிகளில் போகும் என்பது தெரிகிறது. அவரும் ஒவ்வொரு முறையும் ஒரு முடிவு எடுத்தார். சில பலித்தன, சில பலிக்கவில்லை.

இந்த ஆய்வில் பாடகரையும், பொதுவாழ்வில் எல்லோருக்கும் தெரிந்த சிலரையும் மட்டுமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன். காவல்துறையினர், நீதிபதி, வழக்கறிஞர், குழுவின் மற்ற இசைக்கலைஞர்கள், அரங்க நிர்வாகிகள் பெயரின்றியே வருகிறார்கள்.

பின்னணி

ஷெவ்சுக் பிறந்தது 1957 மே 16. ஊர், ரஷ்யாவின் தூரகிழக்கில் மகதான் பகுதியைச் சேர்ந்த யாகோத்னோயே. ஸ்டாலின் காலத்துக் கட்டாய உழைப்பு முகாம்களால் பேர்போன கோலிமா வட்டாரம் அது. தந்தை உக்ரைனியர், தாய் தாத்தார் (Tatar) இனத்தவர். 2022-இல் அவர் பேசியதைப் படிக்கும்போது இந்தக் குடும்ப விவரத்தை மறக்கக் கூடாது. கோலிமாவிலிருந்து காகசஸ் பக்கத்து நல்ச்சிக், அங்கிருந்து 1970-இல் ரஷ்யாவுக்குள் ஒரு குடியரசான பாஷ்கோர்டோஸ்தானின் தலைநகர் உஃபா என்று குடும்பம் இடம்பெயர்ந்தது. ஓவியம் படித்தார், கிராமத்துப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்தார். 1980-இல் உஃபாவில் நண்பர்களோடு ஓர் இசைக்குழு தொடங்கினார். அதற்கு டிடிடி என்று பெயர். ஆம், பூச்சிமருந்தின் பெயரேதான்.

அந்தச் சமயத்தில் எழுதிய ஒரு பாட்டுதான் அவரை வெளியே கொண்டுவந்தது. 'சுடாதே' என்பது தலைப்பு. கவண்கல்லால் குருவியையும் புறாவையும் அடிக்கும் ஒரு சின்னப் பையனைப் பார்த்துப் பாடுவதாகத் தொடங்கும். பையன் வளர்கிறான். பொழுதுபோக்குத் துப்பாக்கிக் கடைகளில் குறி தவறாமல் சுட்டுப் பரிசுகளை அள்ளுகிறான். சுற்றியிருப்பவர்கள் மெச்சுகிறார்கள். அப்புறம் ஒருநாள், உலகில் எங்கோ பற்றியெரியும் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்கிறான். வீடு திரும்பிய பிறகு அந்தப் பழைய துப்பாக்கிக் கடைப் பக்கமே அவன் கால் போவதில்லை. போர் பற்றிப் பேச்செடுத்தால் குடிக்கிறான். சுடாதே என்று தன்னிடம் கெஞ்சிய ஒரு பையனின் முகம் அவன் கண்முன் நிற்கிறது. பாட்டில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. ஆனால் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்து அதிகக் காலம் ஆகியிருக்கவில்லை. கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

1982-இல் கம்சமோல்ஸ்கயா பிராவ்தா நாளிதழ் நடத்திய பாட்டுப் போட்டிக்கு இந்தப் பாட்டை அனுப்பிப் பரிசும் வாங்கினார்கள். கம்யூனிஸ்ட் கட்சி இளைஞர் அமைப்பின் பத்திரிகையே பரிசு கொடுத்த பாட்டு. அடுத்த இரண்டே வருடத்தில் அதே அமைப்பின் உள்ளூர் கிளை அவர்களுக்கு எதிராக நின்றது.

முதல் தடை: 1984

1984-இல் குழு ரகசியமாக ஓர் ஆல்பம் பதிவு செய்தது. அதன் பெயருக்கு 'புறநகரம்', 'ஒதுக்குப்புறம்' என்று பொருள் கொள்ளலாம். மாவட்டத்து வாழ்க்கையின் சலிப்பு, குடி, வெற்று உற்சாகம் எல்லாம் அதில் கிண்டலாக வந்தன. கடைக்கு வராத ஆல்பம். ஒருவர் நாடாவிலிருந்து இன்னொருவர் பிரதியெடுத்து, அவரிடமிருந்து அடுத்தவர் எடுத்து என்று கைமாறியே நாடு முழுக்கப் பரவியது.

அதிகாரிகளின் பதில் படிப்படியாக வந்தது. உள்ளூர் பத்திரிகைகளில் தாக்கி எழுதினார்கள். சோவியத் உளவுத்துறையான கேஜிபி அழைத்து விசாரித்தது. இனிமேல் பாட்டு எழுத மாட்டேன், பாட மாட்டேன் என்று எழுத்தில் உறுதி வாங்கப்பட்டது. வழக்கு இல்லை, தண்டனை இல்லை, நீதிமன்றமும் இல்லை. குழு சிதறியது.

இங்கே அவர் எடுத்த முடிவு ஊரைவிட்டுப் போவது. 1985-இல் லெனின்கிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) போய்ச் சேர்ந்தார். கொதிகலன் அறை வேலை, இரவுக் காவல் என்று கிடைத்ததைச் செய்தார். அன்றைய ராக் கலைஞர்கள் பலர் இப்படித்தான் வாழ்ந்தார்கள். சோவியத் சட்டப்படி வேலையில்லாமல் இருப்பதே 'ஒட்டுண்ணித்தனம்' என்ற குற்றம். கொதிகலன் அறையில் ஷிப்ட் பார்த்தால் சட்டத்துக்கும் பதில் சொல்லலாம், பாட்டெழுத நேரமும் கிடைக்கும்.

லெனின்கிராடைத் தேர்ந்தெடுத்ததற்கு வலுவான காரணம் இருந்தது. அங்கே 1981 முதல் ராக் கிளப் என்ற அமைப்பு இயங்கியது. கேஜிபியின் கண்காணிப்பில்தான் இயங்கியது, பாடல் வரிகளை முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்க வேண்டும். ஆனாலும் அது ஒரு மேடை. புதிய ஆட்களோடு டிடிடியை மறுபடி கட்டியெழுப்பி, 1987-இல் அந்தக் கிளப்பின் விழாவில் பாடினார். காலமும் மாறிக்கொண்டிருந்தது. பின்னர் அரசு இசைத்தட்டு நிறுவனமான மெலோதியாவே அவர்களது இசைத்தட்டை வெளியிட்டது.

உஃபாவில் போராடிப் பார்த்திருக்கலாமே என்ற கேள்வி வரும். பலனிருந்திருக்காது என்பது என் கணிப்பு. உள்ளூரில் அரங்கம், பத்திரிகை, வேலை மூன்றுமே ஒரே கையில் இருந்தன. இன்னும் கொஞ்சம் காற்றோட்டமுள்ள ஊருக்குப் போனதால்தான் குழு பிழைத்தது. இந்த முடிவுக்கு ஒரு விலையும் உண்டு. உடனிருந்தவர்களில் பெரும்பாலோர் உஃபாவிலேயே தங்கிவிட்டார்கள், அந்த முதல் குழு முடிந்துபோனது.

மேடை கிடைத்த காலம்

1990களில் டிடிடி ரஷ்யாவின் பெரிய குழுக்களில் ஒன்று. 1993-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரண்மனைச் சதுக்கத்தில் அவர்கள் நடத்திய திறந்தவெளிக் கச்சேரிக்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். இந்தக் காலத்தைப் பற்றி நிறைய எழுதலாம். ஆய்வுக்குத் தேவையானது ஒன்றுதான்: 1995 ஜனவரி, செச்சன்யா.

ரஷ்யாவிலிருந்து பிரிய முயன்ற செச்சன்யாவின் தலைநகர் குரோஸ்னியில் சண்டை உச்சத்தில் இருந்தபோது கிட்டாரோடு அங்கே போனார். ரஷ்யச் சிப்பாய்களுக்கும் பாடினார், செச்சன் மக்களுக்கும் பாடினார். போரை ஆதரிக்கவில்லை, ஆனால் போருக்கு அனுப்பப்பட்ட பையன்களை எதிரியாகப் பார்க்கவும் இல்லை. திரும்பி வந்ததும் அந்தப் பாழடைந்த நகரத்தைப் பற்றி எழுதிய பாட்டு அவருடைய மிகக் கனமான பாட்டுகளில் ஒன்று. 1999-இல் நேட்டோ குண்டுவீச்சை எதிர்த்து யூகோஸ்லாவியாவில் பாடினார். 2008-இல் ரஷ்யா–ஜார்ஜியா போர் முடிந்த அடுத்த மாதமே, பழைய 'சுடாதே' பெயரிலேயே மாஸ்கோவிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் கச்சேரி வைத்து, ஜார்ஜிய, ஒசேத்திய, உக்ரைனியக் கலைஞர்களை ஒரே மேடையில் ஏற்றினார்.

இவற்றை வரிசையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022-இல் அவரைத் தாக்கியவர்கள், மேற்கின் பக்கம் சாய்ந்தவர், படைவீரர்களை மதிக்காதவர் என்று சொல்லப் பார்த்தார்கள். பதிவுகள் அதற்கு இடங்கொடுக்கவில்லை. எந்தப் பக்கத்துக் குண்டாக இருந்தாலும் எதிர்த்திருக்கிறார். 2006-இல் பாஷ்கோர்டோஸ்தான் குடியரசு அவருக்கு 'மக்கள் கலைஞர்' பட்டம் கொடுத்தது. ஒருகாலத்தில் பாடாதே என்று எழுதி வாங்கிய அதே ஊர்.

2010: நேருக்கு நேர்

2010 மே 29. பீட்டர்ஸ்பர்க் மிகைலோவ்ஸ்கி தியேட்டர். புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக நடக்கவிருந்த ஓர் உதவி நிகழ்ச்சியையொட்டி, அப்போதைய பிரதமர் புதினோடு கலைஞர்கள் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். கேமராக்கள் இருந்தன. ஷெவ்சுக் பேசத் தொடங்கியதும் புதின், மன்னிக்கணும், உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். "யூரா, இசைக்கலைஞன்" என்பது பதில்.

அடுத்து அவர் சொன்ன விஷயம்தான் முக்கியம். முந்தைய நாள் பிரதமரின் உதவியாளர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் போன் செய்தார், காரமான கேள்விகளைத் தவிர்க்கச் சொன்னார் என்று எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தார். என் உதவியாளர் அப்படிக் கேட்டிருக்க முடியாது, இது யாரோ செய்த தூண்டுதல் வேலை என்றார் புதின். சரி என்று ஷெவ்சுக் தொடர்ந்தார். சைரன் விளக்கு வைத்த காரில் போகும் பிரபுக்கள் ஒரு பக்கம், மற்ற ஜனங்கள் ஒரு பக்கம் என்று நாடு பிளந்து கிடப்பதைச் சொன்னார். போலீஸ்காரர் மேலதிகாரிக்கும் தன் சட்டைப்பைக்கும்தான் வேலை செய்கிறார், ஜனங்களுக்கு இல்லை என்றார். அந்த மாதம்தான் சைபீரியாவில் ராஸ்பத்ஸ்கயா நிலக்கரிச் சுரங்கம் வெடித்துத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் செத்திருந்தார்கள். அந்தப் பகுதித் தொழிலாளர்களின் கோபத்தையும் மேசைக்குக் கொண்டுவந்தார். இரண்டு நாளில் நடக்கவிருந்த எதிர்ப்புப் பேரணியைக் கலைப்பீர்களா என்றும் கேட்டார்.

இயல்பான ஜனநாயக வளர்ச்சி இல்லாமல் ரஷ்யாவுக்கு எதிர்காலமே இல்லை என்று புதின் ஒத்துக்கொண்டார். கூடவே, மருத்துவமனைப் பக்கம் கூடி நோயாளிக் குழந்தைகளுக்குத் தொந்தரவு தரலாமா என்ற மாதிரி ஒரு பதிலையும் சொன்னார். மே 31 அன்று மாஸ்கோவில் கூடியவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் காவல்துறை பிடித்தது.

அந்த உரையாடல் எதையாவது மாற்றியதா? உடனடியாக எதையும் இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு யோசனை இருந்தது. மிரட்டல் அழைப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு நெளியாமல், கேமரா முன்னால் அம்பலப்படுத்தினார். ரகசியமாக இருக்கும்வரைதான் அந்த மாதிரி அழைப்புகளுக்கு பலம். 1984-இல் அவரிடம் எழுதி வாங்கியது மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது. இந்த முறை கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பேசினார்.

மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 22 அன்று மாஸ்கோ புஷ்கின் சதுக்கத்தில், நகருக்குப் பக்கத்திலுள்ள ஹிம்கி காட்டைக் காப்பாற்றும் கூட்டம். மாஸ்கோ–பீட்டர்ஸ்பர்க் நெடுஞ்சாலைக்காக ஒரு பழைய ஓக் காட்டை வெட்டுகிறார்கள் என்பது பிரச்சினை. அதை எதிர்த்து எழுதிய உள்ளூர் பத்திரிகையாசிரியர் ஒருவர் 2008-இல் மண்டை உடைய அடிக்கப்பட்டு ஒரு காலையும் இழந்திருந்தார். கூட்டத்துக்கு ஒலிபெருக்கிகளைக் கொண்டுவரக் காவல்துறை விடவில்லை. ஷெவ்சுக் வெறும் கிட்டாரோடு நின்று, மெகாபோனில் பாடினார். நின்றவர்கள் சேர்ந்து பாடினார்கள். மூன்று நாள் கழித்து மாஸ்கோ லுஷ்னிகி மைதானத்தில் அயர்லாந்து ராக் குழுவான யூ2-வின் கச்சேரி. பாடகர் போனோ அவரை மேடைக்கு அழைத்து பாப் டிலனின் பழைய பாட்டு ஒன்றை இருவருமாகப் பாடினார்கள். மறுநாள், அப்போதைய அதிபர் மெத்வெதேவ் சாலைப் பணியை நிறுத்திவைக்கச் சொன்னார்.

டிசம்பரில் அதே வழியில் சாலை போடுவது என்று அரசு முடிவெடுத்துவிட்டது. ஆகஸ்டில் நாட்டின் கவனம் முழுக்க அங்கே இருந்தது. டிசம்பரில் எதிர்ப்பாளர்கள் தனியாக நின்றார்கள்.

2022: கவனித்தவை

பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது முழுப் படையெடுப்பு தொடங்கியது. மார்ச் 4 அன்று ரஷ்ய நிர்வாகக் குற்றச் சட்டத்தில் 20.3.3 என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. படைகளை 'இழிவுபடுத்தினால்' தனிமனிதருக்கு 30,000 முதல் 50,000 ரூபிள் வரை அபராதம். ஒரு வருடத்துக்குள் மறுபடி செய்தால் அது கிரிமினல் வழக்காகிச் சிறை வரை போகலாம். இந்தச் சட்டத்தின் கூர்மை முதல் அபராதத்தில் இல்லை. அடுத்த பன்னிரண்டு மாதம் தலைக்குமேல் தொங்கும் மிரட்டலில்தான் இருக்கிறது.

ஏப்ரலில் சைபீரியாவின் த்யூமென் நகரத்தில் டிடிடிக்குக் கச்சேரி இருந்தது. அரங்கத்தின் மேடையில் போர் ஆதரவுச் சின்னமான பெரிய 'இசட்' எழுத்து தொங்கியது. அதன் கீழ் பாட மாட்டோம் என்று குழு மறுத்தது. கச்சேரி ரத்தானது. டிக்கெட் வாங்கிய ரசிகர்களுக்கு ஏமாற்றம், குழுவுக்கு வருமான இழப்பு. ஆனால் அந்த எழுத்தின் கீழ் ஒரே ஒரு புகைப்படம் எடுக்கப்பட்டிருந்தாலும், அவர் நாற்பது வருடம் பாடியதை அது தின்றிருக்கும். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

மே 18, உஃபா அரீனா. சுமார் எட்டாயிரம் பேர். பாட்டுகளுக்கு நடுவே ஷெவ்சுக் பேசினார். உக்ரைனில் ஆட்கள் கொல்லப்படுகிறார்கள், எதற்காக? நம் பையன்களும் அங்கே சாகிறார்கள், என்ன நோக்கத்துக்காக? இன்னொரு சீசரின் நெப்போலியன் திட்டங்களுக்காகவா? தாய்நாடு என்பது எந்நேரமும் முத்தமிட்டுக்கொண்டிருக்க வேண்டிய அதிபரின் பின்புறம் அல்ல, ரயில் நிலையத்தில் உருளைக்கிழங்கு விற்கும் ஏழைப் பாட்டிதான் தாய்நாடு என்றார். அரங்கம் கைதட்டி ஆர்ப்பரித்தது. ரசிகர்களின் போன்களில் பதிவான வீடியோ அன்றிரவே பரவியது. கச்சேரி முடிந்ததும் காவல்துறையினர் உடைமாற்றும் அறைக்கு வந்து 20.3.3-இன் கீழ் குற்றப்பதிவு எழுதினார்கள்.

அவர் ஏன் அங்கே பேசினார்? இணையத்தில் ஓர் அறிக்கை விட்டிருக்கலாம். நாட்டைவிட்டு வெளியேறியும் பேசியிருக்கலாம், பலர் அப்படித்தான் செய்தார்கள். மஷீனா வ்ரெமெனி ராக் குழுவின் மகரேவிச் இஸ்ரேல் போனார், 2022 செப்டம்பரில் ரஷ்ய அரசின் 'வெளிநாட்டு முகவர்' பட்டியலில் சேர்க்கப்பட்டார். 'அக்வாரியும்' ராக் குழுவின் கிரெபென்ஷிகோவும் வெளியேறினார், 2023 ஜூனில் அதே பட்டியலில் சேர்ந்தார். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஷெவ்சுக் வேறு வழி எடுத்தார். தான் வளர்ந்த ஊரில், தன்னைக் காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த எட்டாயிரம் பேரில் போர்முனைக்குப் பிள்ளையை அனுப்பியவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களைத் திட்டாமல், உங்கள் பையனை எதற்காகச் சாகவிடுகிறார்கள் என்று கேட்டதால்தான் அந்தப் பேச்சு அவ்வளவு தூரம் போனது.

வழக்கு

கோப்பு அவர் வசிக்கும் பீட்டர்ஸ்பர்க்குக்குப் போய், மறுபடி உஃபாவுக்கே திரும்பியது. விசாரணைக்கு அவர் நேரில் போகவில்லை. எந்த நாட்டில், எந்தக் காலத்தில் நடந்தாலும் நான் எப்போதும் போருக்கு எதிரானவன் என்ற அவரது எழுத்துமூல நிலைப்பாடு முன்வைக்கப்பட்டது. மன்னிப்புக் கேட்கவில்லை, சொன்னதை மாற்றவும் இல்லை. அந்தப் பேச்சை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். படைவீரர்களை இழிவாகச் சொல்லும் ஒரு வரியும் அதில் இல்லை. நீதிமன்றம் சட்டம் அனுமதித்த உச்ச அபராதத்தை விதித்தது.

தொடர்ந்தவை

கச்சேரிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. 1984 போலவே தடை என்று எங்கும் ஆணை வரவில்லை. ஓர் அரங்கத்தில் திடீரென்று பராமரிப்பு வேலை, இன்னோர் இடத்தில் தொழில்நுட்பக் காரணம். ரஷ்யாவில் இப்படித்தான் கச்சேரிகளை நிறுத்துவது வழக்கம். எதிர்த்து வழக்குப் போட ஒரு தாள்கூடக் கையில் கிடைக்காது. கலைஞனுக்கு அபராதம், அரங்க உரிமையாளருக்குப் பயம், ஒலியமைப்பாளருக்கும் விளக்குக்காரருக்கும் வேலையிழப்பு. கடைசியில் சொன்ன இவர்களின் கதையை யாரும் எழுதுவதில்லை.

2022 ஜூலையில் தாய்நாட்டை வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்லும் பாட்டு ஒன்றை வெளியிட்டார். 2023 மே மாதம் ஒரு முழு ஆல்பம் வந்தது. பெயர் 'துப்பாக்கிக் கடையில் ஓநாய்கள்'. 'சுடாதே' பாட்டில் வந்த அதே பொழுதுபோக்குத் துப்பாக்கிக் கடை, நாற்பது வருடம் கழித்து ஆல்பத்தின் தலைப்பில் வந்து நிற்கிறது. உள்நாட்டு மேடைகள் மூடிய பிறகு டிடிடி ரஷ்யாவுக்கு வெளியே பாடியது.

எதை வேறு விதமாகச் செய்யலாம்

கலைஞர்களுக்கும் கச்சேரி நடத்துபவர்களுக்கும் இந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்ளச் சிலது உண்டு. முதலாவது ஒப்பந்தம். மேடையின் பின்னணி, கொடி, சின்னம் எதுவும் குழுவின் சம்மதமில்லாமல் வரக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், கச்சேரி ரத்தான பழியும் செலவும் அரங்கத்தின் பக்கம் நிற்கும். அடக்குமுறை நாட்டில் அந்தத் தாளுக்கு நீதிமன்றத்தில் மதிப்பு குறைவுதான். ஆனாலும் யார் மறுத்தது, ஏன் மறுத்தது என்பதற்கு அது சாட்சி.

இரண்டாவது, வாய்மொழியாக ரத்து செய்தால் எழுத்தில் காரணம் கேட்பது, கொடுக்க மறுத்தால் மறுத்ததையே தேதியோடு வெளியிடுவது. 2010-இல் ஒரு போன் அழைப்பை மேசையில் போட்டு உடைத்தபோது வேலை செய்த முறை இதுதான். 2022-க்குப் பிறகு ஒவ்வோர் அரங்கத்துக்கும் அதைச் செய்திருந்தால், யாரும் போடாத தடை என்ற வேடம் அவ்வளவு எளிதாக நிலைத்திருக்காது. அரங்க ஊழியர்களுக்குச் சிக்கல் வராமல் இதைச் செய்வது கடினம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஹிம்கி விஷயத்தில் ஆகஸ்டில் வந்த கூட்டத்தை டிசம்பரிலும் வரவைக்க ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். அது ஒரு பாடகரின் வேலை இல்லை. அமைப்பை நடத்தியவர்கள், பணி நிறுத்தத்தை வெற்றியாக எடுத்துக்கொள்ளாமல் அரசின் அடுத்த முடிவு வரும் தேதியைக் குறித்துவைத்து ஆட்களைத் தயாராக வைத்திருந்தால் கதை கொஞ்சமாவது மாறியிருக்கலாம்.

என்னை அதிகம் உறுத்துவது சக கலைஞர்கள். உஃபா பேச்சுக்குப் பிறகு நாட்டுக்குள் இருந்த பெரிய பெயர்களில் எத்தனை பேர் அடுத்த வாரமே தங்கள் மேடையில் அதே பாட்டியைப் பற்றி ஒரு வரி சொல்லியிருக்க முடியும்? பத்துப் பேர் ஒரே வாரத்தில் சொல்லியிருந்தால், 50,000 ரூபிள் அபராதமும் பன்னிரண்டு மாத மிரட்டலும் ஒருவர் தலையில் மட்டும் விழுந்திருக்காது. த்யூமெனில் எழுத்தின் கீழ் நிற்க மறுத்தபோதும் அப்படித்தான். அடுத்தடுத்த வாரங்களில் அந்த மாதிரி மேடைகளில் ஏறிப் பாட ஆள் கிடைத்துக்கொண்டே இருந்தார்கள்.